ஒரு சாலையும் ஒரு கதவும்: விக்லோ மலையில் ஐந்து நாள்

மே 14, செவ்வாய். கில்மைனம், டப்ளின்

மைக்கேல் ட்வயரின் கதையை மலையில் ஆரம்பித்துச் சிறையில் முடிப்பதுதான் வழக்கம். இந்தப் பயணம் தலைகீழாக அமைந்ததற்குக் காரணம் நுழைவுச்சீட்டு. கில்மைனம் சிறைக்கு 28 நாள் முன்னதாக இணையத்தில் சீட்டு திறக்கும், மளமளவென்று தீர்ந்தும் போகும். நேரே வாசலில் போய் நின்றால் மழையில் நனைந்ததுதான் மிச்சம். எங்களுக்குக் கிடைத்த ஒரே நாள் முதல் நாள். ஆக, சிறையிலிருந்து மலைக்கு.

பெரியவர்களுக்குக் கட்டணம் 8 யூரோ. வழிகாட்டியோடுதான் உள்ளே போகலாம், ஒரு மணி நேரம். பெரும்பாலோர் வருவது ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1916 கிளர்ச்சியின் தலைவர்கள் 14 பேரைச் சுட்டுக்கொன்ற கல்லுடைக்கும் முற்றத்துக்காக. படங்களில் வரும் கண்ணாடிக் கூரை வைத்த பெரிய கூடம் 1860களில் கட்டியது, ட்வயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1796இல் திறந்த பழைய மேற்குப் பகுதிதான் அவர் இருந்த இடம். குறுகலான நடை, ஈரம் கசியும் சுண்ணாம்புக் கல். வெளியே 14 டிகிரி, உள்ளே அதைவிடக் குளிர். வெளிச்சத்துக்கும் கதகதப்புக்கும் சேர்த்துக் கைதிக்கு ஒரே ஒரு மெழுகுவர்த்தி, அதை இரண்டு வாரம் ஓட்ட வேண்டும். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருபவர்கள்கூட அந்த நடையில் கையைக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள்.

ட்வயர் யார் என்று இங்கேயே சொல்லிவிடலாம். 1772இல், டப்ளினுக்குத் தெற்கே உள்ள விக்லோ மலையின் மேற்குச் சரிவில் கமாரா என்ற சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1798இல் ஐக்கிய அயர்லாந்தியர் சங்கம் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக எழுந்தபோது சேர்ந்தார். சில மாதத்தில் கிளர்ச்சி நசுங்கியது. பக்கத்து மலையில் போராடிய ஜோசப் ஹோல்ட் அந்த நவம்பரிலேயே சரணடைந்தார். ட்வயர் இறங்கி வரவில்லை. 1803 டிசம்பர் வரை, ஐந்து குளிர்காலம், சிறு கூட்டத்தோடு மலையிலேயே இருந்தார். தலைமறைவாகத் திரிந்துகொண்டே 1798 அக்டோபரில் மேரி டாயிலைக் கல்யாணமும் செய்துகொண்டார்.

அவரைச் சண்டையில் பிடிக்க முடியவில்லை. 1803 ஜூலை 23 அன்று ராபர்ட் எம்மெட் டப்ளினில் நடத்திய எழுச்சி ஒரே இரவில் முடிந்தது. அதன்பின் அரசு மலையை விட்டுவிட்டு உறவினர்களைப் பிடித்தது. ட்வயரின் ஒன்றுவிட்ட சகோதரி ஆன் டெவ்லின், எம்மெட் வீட்டைக் கவனித்துக்கொண்டவர். அவரைக் குடும்பத்தோடு இதே சிறையில் அடைத்தார்கள். சிறுவனான தம்பிக்குச் சிறையில் கண்ட நோய் அவன் உயிரைக் குடித்தது. ஆன் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. டிசம்பர் 14 அன்று ட்வயர் சரணடைந்தார். அமெரிக்காவுக்குப் போக விடுவார்கள் என்பது அவருக்கிருந்த நம்பிக்கை. விட்டார்கள், 1805 ஆகஸ்டில், ஆனால் ஆஸ்திரேலியாவுக்கு.

கப்பலின் பெயரைக் கேட்டால் நம்மவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்: டெல்லிச்சேரி. மலபார்க் கரையின் தலைச்சேரிக்கு ஆங்கிலேயர் வாயில் விழுந்த பெயர்.

சிறைக்குப் பக்கத்தில் காய்கறி சூப்பும் சோடா ரொட்டியும் 9 யூரோ. ஈஸ்ட் இல்லாமல் மோரும் சமையல் சோடாவும் சேர்த்துச் சுடும் ரொட்டி, அன்றன்றைக்குச் சுட்டால்தான் ருசி. நகரப் பேருந்தில் ஒரு பழக்கம் கண்ணில் பட்டது. இறங்கும் ஒவ்வொருவரும், காதில் பாட்டு மாட்டிய பள்ளிப் பையன்கூட, ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள்.

மே 15, புதன். ரத்ஃபார்னம் – கிளென்க்ரீ – சாலி கேப் – லாரா

வாடகைக் கார் எடுத்தாயிற்று. நம்மைப் போல இடப்பக்க ஓட்டம்தான், பயமில்லை. பயப்பட வேண்டியது சாலையின் அகலத்துக்கு.

ரத்ஃபார்னம் இப்போது டப்ளினின் தெற்குப் புறநகர். ஆன் டெவ்லினுக்கு அங்கே சிலை இருக்கிறது. எம்மெட் எங்கே என்று கேட்டு, நிமிர்த்திய வண்டியின் ஏர்க்காலில் கயிறு கட்டி ராணுவத்தினர் ஆன் டெவ்லினைப் பாதி தூக்கிலிட்டு இறக்கியது எம்மெட் தங்கிய பட்டர்ஃபீல்ட் சந்து வீட்டில்தான். மலைக்குள் படையை அனுப்ப ஆங்கிலேயர் போட்ட ராணுவச் சாலை கிளம்புவதும் ரத்ஃபார்னத்திலிருந்துதான். இன்றைய எண் ஆர்115.

1800 ஆகஸ்டில் வேலை தொடங்கியது, 1809 அக்டோபரில் முடிந்தது. நீளம் அறுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பொறியாளர் அலெக்சாண்டர் டெய்லர். ரத்ஃபார்னத்திலிருந்து கிளென்க்ரீ, லாரா, கிளென்மலூர் வழியாக அகவன்னாவில் முடிகிறது. பிரெஞ்சுப் படை இறங்கிவிடுமோ என்ற அச்சமும் சேர்ந்துதான் இந்தச் சாலையைப் போட வைத்தது. ஆனாலும் ட்வயர் போன்றவர்கள் மலையை வைத்துக்கொண்டிருந்ததே முதல் காரணம். கணக்குப் பாருங்கள். ட்வயர் சரணடைந்து ஆறு ஆண்டு கழித்து, அவர் சிட்னி பக்கம் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவரைப் பிடிக்க வேண்டிய சாலை முடிந்தது.

கில்லகீ மேட்டிலிருந்து திரும்பிப் பார்த்தால் டப்ளின் விரிகுடா முழுக்கத் தெரியும். அதைத் தாண்டியதும் மரம், வேலி எல்லாம் நின்றுவிடுகின்றன. இருபுறமும் பழுப்புச் சதுப்பு. மலை உச்சியில் சதுப்பு எப்படி என்று தோன்றும். மழை ஓயாமல் பெய்யும் குளிர்ந்த இடத்தில் செத்த பாசி மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து, மலையைப் போர்வை போல மூடிக்கொள்கிறது. எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வெட்டிக் காயவைத்தால் விறகு, உள்ளூரில் அதை டர்ஃப் என்பார்கள். காலை வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். பூட்ஸும் துப்பாக்கியும் தோட்டாப் பையும் சுமந்த சிப்பாய் வரிசையாக இதில் நடக்க முடியாது, பீரங்கி வண்டி பற்றிப் பேச்சே இல்லை. பிறந்ததிலிருந்து ஆடு மேய்த்தவனுக்கு எந்தப் புல் நிறம் தாங்கும், எது விழுங்கும் என்று தெரியும். வெளிர்பச்சைப் பாசி விழுங்கும், ஊதா ஹெதர் புதர் பெரும்பாலும் தாங்கும். கெரில்லாப் போரின் பாதி ரகசியம் இதுதான்.

சதுப்பில் போட்ட சாலையை வண்டியிலேயே உணரலாம். பீட் எனும் இந்தச் சதுப்பு மண் காயக் காயச் சீரில்லாமல் அமுங்கும், மேலே இருக்கும் தார் அலையலையாக எழுந்து தாழும். 50 கி.மீ. வேகத்துக்கு மேல் போனால் தலை கூரையில் இடிக்கும். நடுவில் ஆடு படுத்திருக்கும், ஹாரன் அடித்தால் எழுந்திருக்காது. இறங்கிப் போனால்தான் எழும்.

கிளென்க்ரீயில் ராணுவ பாரக்ஸ் கட்டிடம் நிற்கிறது. நெப்போலியன் தோற்றதும் ராணுவத்துக்கு அதில் வேலை இல்லாமல் போயிற்று. பிறகு சிறுவர் சீர்திருத்தப்பள்ளி, இப்போது சமாதான நல்லிணக்க மையம். ஒரு கட்டிடத்துக்கு இத்தனை மனமாற்றம் அபூர்வம். அடுத்தாற்போல் ஓடையோரம் ஜெர்மன் ராணுவக் கல்லறை, 134 பேர். இங்கே தேநீரும் ஸ்கோனும் 7 யூரோ.

சாலி கேப் என்பது நாற்சந்தி, ஒரு கடைகூடக் கிடையாது. டப்ளினில் வெயில், இங்கே கிடைமட்டமாக மழை. குடை எடுத்து வருபவர்கள் ஐந்து நிமிடத்தில் குடையை இழப்பார்கள். தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் வழி. கைப்பேசியில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளவும்.

இரவு லாராவில். ஆட்டிறைச்சி ஸ்டியூ 19 யூரோ: உருளை, கேரட், வெங்காயம், மிளகு. காரம் என்ற சொல்லே சமையலறையில் நுழைந்ததில்லை, ஆனால் எட்டு டிகிரிக் குளிரில் அதுவே அமிர்தம். மே மாதத்தில் சூரியன் மறைய ஒன்பதே கால் ஆகிறது. அதற்கு முன் காற்று நின்றால் மிட்ஜ் எனும் பொடிக்கொசு கிளம்பும். காற்று இருக்கும் பக்கமாக உட்காருங்கள்.

மே 16, வியாழன். கிளென்மலூர் – அகவன்னா

காலை உணவு ஒரு தட்டில் ஒரு நாளைக்கானது: சாசேஜ், பன்றி இறைச்சித் துண்டு, முட்டை, தக்காளி, காளான். கறுப்பு வட்டத் துண்டுகள் இருக்கும், பிளாக் புட்டிங் என்று பெயர். பன்றி ரத்தமும் ஓட்ஸும் சேர்ந்தது. ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குப் பழகிய ருசி. மற்றவர்கள் முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது, கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

லாராவிலிருந்து மலையேறி இறங்கினால் கிளென்மலூர். நீண்டு ஒடுங்கிய பள்ளத்தாக்கு, இருபுறமும் சுவர் போல மலை, நடுவில் அவன்பெக் ஆறு. 1580இல் ஃபியா மெக்ஹியூ ஓபெர்ன் இங்கேதான் ஆங்கிலப் படையை உள்ளே வரவிட்டு அடித்தார். ட்ரம்காஃப் சந்திப்பில் உள்ள பெரும் பாறை அவரையும் ட்வயரையும் சேர்த்தே நினைவுகூர்கிறது. இருவருக்கும் இடையே இருநூறு ஆண்டு, ஆனால் பள்ளத்தாக்கு அதேதான்.

இந்த நிலத்தைப் பார்த்தபின்தான் ட்வயரின் முறை புரியும். ஆட்கள் குறைவு, பெரும்பாலும் ஒன்றிரண்டு டஜன். அதையும் மூன்று நான்கு பேராகப் பிரித்துத் தனித்தனி வீடுகளில் தூங்க வைப்பது. மேற்கே இமால் பள்ளத்தாக்கு, கிழக்கே கிளென்மலூர், நடுவில் 925 மீட்டர் லக்னகில்லா மலை. இமாலில் படை வந்தால் முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம், இங்கே வந்தால் அந்தப் பக்கம். அவருக்கு ஒரு இரவு நடை, துரத்துபவர்களுக்கு மலையையே சுற்ற வேண்டும். மறைவிடமும் சாப்பாடும் தந்தவை குடியானவர் வீடுகள். அந்தப் பலம்தான் பலவீனமும். காட்டிக்கொடுக்க ஒருவன் போதும், தண்டிக்க ஒரு ஊரே கிடைக்கும்.

எம்மெட் உதவி கேட்டபோதும் ட்வயர் எளிதில் இறங்கவில்லை. டப்ளின் கையில் வந்தால் பார்க்கலாம் என்றார். இதைக் கோழைத்தனம் என்பவர்கள் உண்டு. இந்த மலையை ஒருநாள் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சதுப்பில் இருபது பேர் ஒரு படைக்குச் சமம், டப்ளின் தெருவில் இருபது பேர் இருபது பேர்தான்.

ட்ரம்காஃப் பாரக்ஸ் இடிந்து நிற்கிறது, கூரையில்லை. அகவன்னா பாரக்ஸுக்கு நல்ல பிற்காலம் வாய்த்தது. அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்ட பார்னெல் அதை வேட்டை மாளிகையாக வைத்திருந்தார், பிறகு ஜான் ரெட்மண்ட் வாழ்ந்தார். அயர்லாந்தை அடக்கக் கட்டிய வீட்டில் அயர்லாந்தின் அரசியல் தலைவர்கள் ஓய்வெடுத்தார்கள்.

அகவன்னாவுக்கு முன் எதிரே லாரி வர, ஓரம் ஒதுங்கியபோது இடப்பக்க முன் டயர் கல்லில் கிழிந்தது. டிக்கியில் ஸ்டெப்னி கிடையாது, நுரை டப்பாவும் சிறு பம்பும் மட்டும். அந்த நுரை ஆணித் துளைக்குத்தான், பக்கச் சுவர் கிழிந்தால் பயனில்லை. எடுக்கும்போதே டிக்கியைத் திறந்து பார்த்து ஸ்டெப்னி கேட்டு வாங்குங்கள். வாடகைக் காப்பீட்டில் டயரும் கண்ணாடியும் பெரும்பாலும் சேராது. எங்களுக்கு 140 யூரோவும் நாலு மணி நேரமும் போயிற்று. அந்த நாலு மணி நேரத்தில் கடந்த ஒவ்வொரு வண்டியும் நின்றது. டிராக்டரில் வந்த பெரியவர் எதுவும் கேட்காமல் பின்னால் நிறுத்தி விளக்கை எரியவிட்டார், மற்றவர்கள் கண்ணில் படட்டும் என்று. மழையைப் பற்றி மட்டும் பேசினார். நன்றி சொன்னதற்குத் தலையைக்கூட அசைக்காமல் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். இங்கே குறுகிய சாலையில் எதிர்ப்படும் எல்லோரும் ஒருவருக்கொருவர் போடும் வணக்கம் அதுதான், ஒரே ஒரு விரல்.

மே 17, வெள்ளி. கிளென் ஆஃப் இமால் – டெர்ரினமக்

வானம் திறந்துவிட்டது. வேலியெல்லாம் மஞ்சள் பூத்த முட்புதர், ஊரில் ஃபர்ஸ் என்கிறார்கள். வெயில் பட்டதும் ஒரு வாசனை, யாரும் சொல்லாமலே நமக்குத் தெரியும்: தேங்காய். துருவிய தேங்காய் இருக்கும் அடுக்களை போல முழுப் பள்ளத்தாக்கும் மணக்கிறது. பறிக்கப் போனால் கை கிழியும்.

இமாலின் பெரும்பகுதி அயர்லாந்து ராணுவத்தின் பீரங்கிப் பயிற்சி நிலம். சிவப்புக் கொடி ஏறியிருந்தால் உள்ளே போகக் கூடாது. கொடி இல்லாவிட்டாலும் குறித்த பாதையை விட்டு விலகக் கூடாது, கீழே கிடக்கும் இரும்பைத் தொடவே கூடாது. லக்னகில்லாவுக்கு இந்தப் பக்கமிருந்து அனுமதித்த பாதைகளில் ஒன்று கமாரா மலை வழி, ட்வயர் பிறந்த ஊரின் பெயரில். அவர் எந்த ராணுவத்திடமிருந்து ஒளிந்தாரோ அது போய்விட்டது. அவருடைய நாட்டு ராணுவம் வந்து, அவருடைய மலையைத்தான் குறிபார்க்கிறது.

நாக்கனாரிகனிலிருந்து ரத்டாங்கன் போகும் வழியில் டெர்ரினமக். சாலையோரம் வண்டியை விட்டு மேலே நடக்க வேண்டும். வெள்ளையடித்த சுவர், வைக்கோல் கூரை, சிறு சன்னல்கள். ட்வயர் – மெக்காலிஸ்டர் குடிசை. கோடை மாதங்களில் பிற்பகலில் மட்டும் திறப்பார்கள், எங்களுக்குப் பூட்டுதான் கிடைத்தது. பரவாயில்லை. இங்கே பார்க்க வேண்டியது வெளியில் இருக்கிறது: கதவும் அதற்கு எதிரே உள்ள வெற்றுச் சரிவும்.

1799 பிப்ரவரி 15, பனி இரவு. ட்வயரும் சுமார் பன்னிரண்டு தோழர்களும் அக்கம்பக்கமாக மூன்று குடிசைகளில். துப்புக் கொடுத்தவன் ஒருவன், சூழ்ந்தவர்கள் ஸ்காட்லாந்து ஹைலாண்டர் படையினர் நூறு பேர் வரை. முதல் இரண்டு குடிசைகளில் இருந்தவர்கள் சரணடைந்தார்கள். மூன்றாவதில் ட்வயர், சாம் மெக்காலிஸ்டர், பேட்ரிக் காஸ்டெல்லோ, ஜான் சாவேஜ். வீட்டுக்காரக் குடும்பத்தை வெளியே விடச் சொல்லிப் பேசினார்கள், படையினரும் விட்டார்கள். பிறகு சண்டை ஆரம்பித்தது. காஸ்டெல்லோவும் சாவேஜும் விழுந்தார்கள், கூரை பற்றிக்கொண்டது. மெக்காலிஸ்டருக்குக் கை உடைந்து துப்பாக்கி பிடிக்க முடியாத நிலை.

அடுத்து நடந்ததைத் தியாகம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். அதில் ஒரு துல்லியமான கணக்கும் இருந்தது. அன்றைய மஸ்கட், ஒரு தடவைக்கு ஒரே குண்டு சுடும் துப்பாக்கி. சுட்டபின் காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து, கிண்ணத்தில் சிட்டிகை வெடிமருந்து போட்டு மூடி, மிச்சத்தைக் குழாயில் கொட்டி, குண்டை இறக்கி, கம்பியை உருவிக் குத்தி, திரும்பச் செருகி, சுத்தியலை இழுக்க வேண்டும். நன்கு பழகிய சிப்பாய்க்குப் பதினைந்து முதல் இருபது வினாடி. இருட்டில், விறைத்த விரல்களோடு இன்னும் அதிகம். எல்லோரையும் ஒரே சமயத்தில் சுட வைத்தால் அந்த வினாடிகளில் எதிரே நிற்பது நூறு வெறும் தடி.

மெக்காலிஸ்டர் கதவைத் திறந்து வாசலில் நிமிர்ந்து நின்றார். எல்லாத் துப்பாக்கியும் அவர் மேல் வெடித்தன. அவர் விழுந்த இடைவெளியில் ட்வயர் வெளியே பாய்ந்தார். பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து எழுந்தார், வெறுங்காலோடு ஓடினார், வெள்ளத்தில் பெருகிய ஸ்லேனி ஆற்றைக் கடந்தார். துரத்தியவர்களால் கடக்க முடியவில்லை.

வாசலிலிருந்து சரிவில் இருபது வினாடி இறங்கிப் பாருங்கள். உலர்ந்த நாளில், நல்ல ஷூவோடு வேகமாக ஓடினால் நூறு மீட்டர் போகலாம். அந்தத் துப்பாக்கி எழுபது எண்பது மீட்டருக்கு மேல் ஆளைக் குறிபார்த்து அடிக்காது. கதவை எப்போது திறப்பது என்று இருவரும் பேசித்தான் முடிவு செய்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. கூரை எரிகிற வீட்டுக்குள் அந்தப் பேச்சு எத்தனை வார்த்தை நீளம் இருந்திருக்கும்?

மே 18, சனி. பால்டிங்கிளாஸ்

ஸ்லேனிக் கரையில் சிறிய சந்தை ஊர். பிடிபட்ட தோழர்களை விசாரணைக்குக் கொண்டுவந்தது இங்கேதான். 1148இல் நிறுவிய மடத்தின் இடிபாடு ஆற்றோரம் இருக்கிறது, கட்டணமில்லை. ரொட்டிக்கடையில் ருபார்ப் தண்டு வைத்த பை ஒரு துண்டு 4.50. ருபார்ப் புளிக்கும், மாங்காய்ப் பச்சடி பிடித்தவர்களுக்குப் பிடிக்கும்.

ட்வயரின் மிச்சக் கதையைச் சொல்ல இங்கே ஒரு காரணம் உண்டு. 1806 பிப்ரவரியில் மனைவி மேரியோடு சிட்னியில் இறங்கியதும் கப்ரமாட்டாவில் நூறு ஏக்கர் நிலம் கிடைத்தது. அடுத்த ஆண்டே சதி செய்ததாகக் குற்றச்சாட்டு. ஆளுநர் பிளை அவரை நார்ஃபோக் தீவுக்கு அனுப்பினார், அங்கிருந்து இன்றைய தாஸ்மேனியாவுக்கு. 1808இல் பிளையையே அவருடைய ராணுவம் கவிழ்த்தபின் திரும்பி வந்தார். அதன்பின் நடந்ததை இங்கே பாட்டில் பாடுவதில்லை: ட்வயர் போலீஸ் ஆனார். லிவர்பூல் என்ற புது ஊருக்குத் தலைமைக் காவலர். குடித்ததற்காகவும் ஆவணங்களைத் தொலைத்ததற்காகவும் வேலை போயிற்று. சாராயக்கடை நடத்தினார், கடன் மூழ்கடித்தது. 1825இல் கடனாளிச் சிறையில் வயிற்றுக்கடுப்பு கண்டு, அந்த ஆகஸ்டில் இறந்தார். 1898இல், கிளர்ச்சியின் நூற்றாண்டில், எலும்புகளை எடுத்துப் பெரும் ஊர்வலமாக சிட்னியின் வேவர்லி கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். கடலைப் பார்த்த வெண்பளிங்கு நினைவிடம், 1798 கிளர்ச்சிக்கு எழுப்பிய மிகப் பெரிய சின்னங்களில் ஒன்று. அது இருப்பது அயர்லாந்தில் இல்லை.

பால்டிங்கிளாஸ் நடுத்தெருவிலும் 1904இல் எழுப்பிய சிலை ஒன்று நிற்கிறது. ட்வயர் சிலை எங்கே என்று ரொட்டிக்கடையில் கேட்டதற்கு, மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே அந்த அம்மா திருத்தினார்: "ட்வயர் இல்லை, மெக்காலிஸ்டர்." வடக்கே ஆன்ட்ரிமில் பிறந்து, அரசின் படையிலிருந்து ஓடிவந்து சேர்ந்தவர். இந்த மண்ணில் அவருக்குச் சொந்தபந்தம் யாரும் கிடையாது. சிலையைக் காட்டியவர் பை பொட்டலத்தில் இன்னொரு துண்டையும் வைத்துக் கட்டினார், மழை வரப்போகிறது, டப்ளின் போய்ச்சேரும் வரை வண்டியிலேயே சாப்பிட ஆகும் என்று.